வட்டலைச் சுற்றிப் போட்ட கையெழுத்து

மனுவில் முதல் கையெழுத்து யாருடையதோ, அவனைத்தான் போலீஸ் முதலில் தூக்கும் என்று நான் நம்பினேன். எனக்கு வயது நாற்பத்தெட்டு. பேரன் எடுக்கிற வயதில் இப்படியொரு ஞானம்.

சபையாரே, நம்ம சர்ச் ஐக்கிய விருந்தில் உங்களைச் சிரிக்கவைக்கிற அயர்ன் மாஸ்டர் தாவீது நான்தான். இது சிரிக்கிற விஷயம் இல்லை. நான் நடந்துகொண்ட லட்சணத்தை மட்டும் தாராளமாகச் சிரிக்கலாம்.

போன வருசம் ஜூலை, ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றரை. எங்கள் பனியன் கம்பெனியின் முதல் மாடியில், கரண்ட் போர்டு பக்கம் குவித்திருந்த கட்டிங் வேஸ்ட் துணியில் தீப்பிடித்தது. தீ சின்னதுதான். புகைதான் பெரிசு. நான் முன்படியில் இறங்கி ஓடினேன். யாரையும் முந்தவிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். செக்கிங்கில் இருந்த ருக்குமணி அக்கா பின்படிப் பக்கம் ஓடினார். அங்கே கதவு பூட்டியிருந்தது. துணிப் பீஸ் திருட்டுப் போகிறதாம், அதனால் எந்நேரமும் பூட்டு. சாவி கீழே வாட்ச்மேனிடம். திறந்து பார்த்தபோது அக்கா உயிரோடு இல்லை.

நெஞ்சு வலி என்று கம்பெனி சொல்லிவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் அழுதுகொண்டிருந்த அவர் கணவர் மாரிமுத்து அண்ணனிடம் ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். மனைவிக்கு முன்பே நெஞ்சு வலி உண்டு என்று அதில் இருந்ததை மூன்றாம் நாள்தான் படித்தார். நேராக என் வீட்டுக்கு வந்தார்.

"மாஸ்டர், அவளுக்கு ஒரு நாளும் நெஞ்சு வலி இருந்ததில்லீங்க. கதவு பூட்டியிருந்துச்சுன்னு தாள்ல வரோணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாமுங்க."

மாடியில் இருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும். எனக்கும் தெரியும். நான் என்ன செய்தேன்? ஜெபித்தேன். "ஆண்டவரே, அண்ணனுக்கு நியாயம் செய்யும். அடியேனை மட்டும் இதில் இழுக்காதிரும்." மூன்று நாள் உபவாசம் என்று வீட்டில் சொன்னேன். உண்மையில் பயத்தில் சோறு இறங்கவில்லை. "உங்க உபவாசத்துல டீ மட்டும் எட்டுத் தடவை இறங்குதுங்களே" என்றாள் என் மனைவி ஸ்டெல்லா.

ஞாயிறு ஆராதனை முடிந்து மாரிமுத்து அண்ணன் வீட்டில் கூடினோம். கம்பெனி ஆட்கள் இருபத்தாறு பேர். கலெக்டருக்கு மனு எழுதியாயிற்று. கையெழுத்துதான் பாக்கி. நம்ம ஊர் மரியாதை அன்றைக்குத்தான் எனக்கு வெறுத்துப்போனது.

"நீங்க போடுங்க."

"அட, பெரியவங்க நீங்க இருக்கறப்ப நானுங்களா?"

"இல்லீங்க, நீங்களே ஆரம்பிங்க."

பேனா பந்தியில் பாயச வாளி மாதிரி சுற்றி வருகிறது, ஒருவரும் ஊற்றிக்கொள்ளவில்லை. ஒருவர் கண்ணாடியை மறந்துவிட்டார். ஒருவருக்குக் கையெழுத்து பேங்கில் மட்டும்தான் சரியாக வருமாம். ஒன்றரை மணி நேரம்! மாரிமுத்து அண்ணன் எல்லாருக்கும் தண்ணி மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சலான எரிச்சல். அதிலும் பேனா பக்கத்தில் வந்தபோதெல்லாம் "பாத்ரூம் எங்கீங்ணா" என்று எழுந்துபோன ஒரு ஆள்மேல்தான் அதிகம். அது நான்தான். மூன்று முறை.

மூன்றாவது முறை உள்ளே நின்று உண்மையாக ஜெபித்தேன். பாஸ்டர் மன்னிக்கவேண்டும், இடம் அப்படி. "ஆண்டவரே, எனக்குத் தைரியம் இல்லை. தைரியம் இல்லாதவனும் செய்கிற மாதிரி ஒரு வழி காட்டும்."

வெளியே வந்தால், அடுப்படியில் சோறு போட்டுத் தின்கிற வட்டமான வட்டல் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. எடுத்துவந்து, மனுவோடு இணைக்க, எங்களில் ஒருவரிடமிருந்த பேட்டர்ன் போடுகிற பெரிய தாளின் நடுவில் வைத்து, சுற்றிலும் கோடு இழுத்தேன். கோட்டைச் சுற்றி எல்லாரும் போடுங்கள், இதில் மேலே கீழே இல்லை, முதல் ஆள் கடைசி ஆள் இல்லை என்றேன். சிரித்தார்கள். நாலு பேனா ஒரே நேரத்தில் இறங்கியது. பத்து நிமிடத்தில் இருபத்தாறும் விழுந்தது, கைநாட்டு உட்பட.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள். கலெக்டர் ஆபீஸில் மனுப் பதிகிற அம்மா அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல மனுதாரர் யாருங்க? ஒரு பேர் வேணும். வீட்டுக்காரர் வேண்டாம், அவர் நெஞ்சு வலின்னு எழுதிக் குடுத்தது மனுவுலயே இருக்கு. உள்ள இருந்த ஆள் சொல்லுங்க."

இருபத்தாறு பேரும் ஃபேனைப் பார்த்தோம். மாரிமுத்து அண்ணன் மட்டும் தரையைப் பார்த்தார். நிமிர்ந்தால் எங்களில் யாருக்காவது சங்கடமாகிவிடுமே என்று. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "நானுங்க" என்று ஒரு குரல் கேட்டது. எனக்கு நன்றாகப் பழக்கமான குரல்.

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். "பின்கோடு?" என்றார்.

அது எனக்கு மறந்துபோயிருந்தது.

பிறகு ஒன்பது மாதம். விசாரணை என்று ஆறு முறை கூப்பிட்டு, நாலு முறை 'சார் கேம்ப் போயிருக்கார்' என்று திருப்பி அனுப்பினார்கள். கம்பெனியில் என்னை நிறுத்திவிட்டார்கள். இப்போது அவிநாசி ரோட்டில் வேறு இடத்தில் வேலை. ஆனால் நான் சொல்லி முடித்த பிறகு, வட்டத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து, கதவு பூட்டியிருந்தது என்றார்கள். வாட்ச்மேனும் சொன்னார். அக்காவின் மூச்சுக்குழாயில் புகைக்கரி இருந்ததாகப் பிரேதப் பரிசோதனையில் முன்பே எழுதியிருந்தது. யாரும் கேட்கவில்லை, அதனால் யாரும் காட்டவில்லை.

'என்னை இழுக்காதிரும்' என்று கேட்டேன். ஆண்டவர் அதைக் கொடுக்கவில்லை. அதற்காகத்தான் இன்று அவருக்கு நன்றி சொல்கிறேன். நான் இன்னும் பயந்தாங்கொள்ளிதான். ஆனால் புதுக் கம்பெனியில் முதல் நாளே பின்படியில் இறங்கிப் பார்த்துவிட்டு, பூட்டை எடுக்கச் சொல்லிவிட்டுத்தான் அயர்ன் பெட்டியைத் தொட்டேன். உங்களில் பயந்தவர்கள் இருந்தால் பயத்தோடேயே கேளுங்கள். எங்கே நின்று கேட்டாலும் அவர் முகம் சுளிக்கிறதில்லை.

போன மாதம், நெஞ்சு வலி என்று முடித்திருந்த வழக்கைப் போலீஸ் மாற்றி எழுதியது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் மேனேஜர் பெயர் இருக்கிறது, முதலாளி பெயர் இன்னும் இல்லை. பின்கதவு பூட்டியிருந்ததால் ருக்குமணி அக்கா புகையில் மூச்சுமுட்டி இறந்தார் என்று அந்தத் தாளில் இருக்கிறது.