லண்டன் பத்திரிகையில் நான் செத்துப்போனது

என் மகள் வயிற்றுப் பேரன் லண்டனில் ஒரு ஜாஸ் குழுவில் டிரம்பெட் ஊதுகிறான். மொத்தம் ஐந்து பேர். ஜாஸ் என்றால் என்னவென்று என்னைக் கேட்காதீர்கள். ஆளுக்கொரு பக்கம் ஓடிவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்கு ஒரே வாசலில் வந்து நிற்பது மாதிரி ஒரு வாசிப்பு.

ஒரு லீவுக்கு இங்கே தீவில், டாலிகஞ்ச் வீட்டுக்கு வந்தவன், தாத்தாவுக்கு நான் வைத்த ஒப்பாரியைப் பாடச் சொன்னான். அவரைக் கச்சால் தீவில் சுனாமி கொண்டுபோனது. உடம்பு கிடைக்கவில்லை.

"போன்ல புடிச்சுக்கவா அம்மாயி?"

"புடிச்சுக்க. மூக்குச் சிந்துறதையும் சேத்துப் புடிச்சுராத."

பாடினேன். 'அலையோட நானும் போனேன், கரையில நிக்கிறது வெறும் சேல' என்று அதில் ஓர் அடி வரும். ஒப்பாரியில் நாங்கள் எல்லோரும் சாவோம். பாடி முடித்ததும் எழுந்து காப்பி குடிப்போம்.

மறு வருஷம் அவர்கள் ஆல்பம் வந்தது. நடுவில் என் குரல். அதன் பின்னாலேயே அவன் ஊதிக்கொண்டு வருகிறான், கடைக்குப் போகும் அம்மா பின்னால் பிள்ளை வருவதுபோல. அவனிடம் சொல்லவில்லை, நன்றாகத்தான் இருந்தது. பத்திரிகைகளில் பிரமாதமாக எழுதியிருக்கிறார்கள் என்று போனில் குதித்தான்.

"என்னயப் பத்தி என்னடா எழுதியிருக்கான்?"

"ரொம்ப நல்லா அம்மாயி" என்றவன், உடனே மழை பெய்கிறதா என்று கேட்டான்.

பக்கத்து வீட்டு மருமகள் ஃபீனிக்ஸ் பே கப்பல் ஆபீசில் வேலை பார்க்கிறாள். இங்கிலீஷ் தெரிந்தவள். அவளிடம் போனில் தேடிப் படிக்கச் சொன்னேன்.

"டிரம்ஸ் ஏக்தம் சூப்பராம் பாட்டி. நடுப் பாட்டு ரொம்ப நீளமாம், பாதிய வெட்டியிருக்கலாமாம்."

"வெவரமான ஆளு. மேல படி."

அவள் போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அரே, நீங்க சுனாமியில போயிட்டீங்களாம் பாட்டி. உங்க கடைசிக் குரலாம் இது."

"ஒருத்தன் மட்டுமா எழுதியிருக்கான்?"

"எழுதின மூணு பேரும்."

அப்போது சிரித்தேன். வெள்ளைக்காரனுக்கு ஒப்பாரி தெரியாது, பாவம். பேரனுக்குத் தெரியுமே என்பது, அவள் போன பிறகுதான் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை அவன் கூப்பிட்டதும் கேட்டேன்.

"நான் செத்துட்டேனாமே?"



"நான் சொல்லல அம்மாயி. பாட்டோட அர்த்தத்த மட்டுந்தான் ஆல்பத்துக்கு எழுதிக் குடுத்தேன். அவங்களா நெனச்சுக்கிட்டாங்க."

"பேட்டிக்கு வந்தவன் உன்னயக் கேக்கலயா?"

"கேட்டாங்க."

"என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. தலயக் குனிஞ்சுக்கிட்டேன்."

"இப்பச் சொல்லிரு."

"ஊர் ஊராக் கச்சேரி இருக்கு. ரெண்டு மாசம் போகட்டும் அம்மாயி. இப்பச் சொன்னா ஏமாத்துக்காரன்னு எழுதிருவாங்க."

"அப்ப மொட்டையடிச்சுக்கிட்டுப் போயி ஊது. பாட்டி செத்தா பேரன் செய்ய வேண்டியதுதான?"

அவன் சிரித்தான். காலமெல்லாம் கேலி பேசியவள் கோபப்பட்டாலும் கேலியாகத்தான் கேட்கும்போல. போனை வைத்துவிட்டேன்.

சுனாமி வந்தபோது அவனுக்குப் பத்து வயது. நானும் தாத்தாவும் கச்சாலில், அவன் இங்கே. ஒன்பது நாள் எங்களைப் பற்றி ஒரு சேதியும் வரவில்லை. அந்த ஒன்பது நாளும் கப்பல் துறையில் நின்று, இறங்கியவர்களிடமெல்லாம் எங்கள் அம்மாயியைப் பார்த்தீர்களா என்று கேட்டிருக்கிறான். பத்தாம் நாள் நான் கப்பலை விட்டு இறங்கினேன். என் மணிக்கட்டைப் பிடித்தவன் வீடு வரும்வரை விடவில்லை, நகம் பதிந்து ரத்தம் கட்டிவிட்டது. நான் உயிரோடு இருப்பது எவ்வளவு பெரிய சேதி என்று இந்த உலகத்தில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். வேறு எவன் தலையைக் குனிந்திருந்தாலும் எனக்கு வலித்திருக்காது.

அடுத்த ஞாயிறு போன் அடித்தபோது பக்கத்து வீட்டு மருமகள் இட்லி மாவு வாங்க வந்து நின்றாள்.

"பேரன்தான் பாட்டி. எடுக்கலயா?"

"ரெண்டு மாசம் ஆவட்டும்" என்று சொல்லி, அவள் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.