இரண்டாவது கிட்டார்

ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெருவில் உள்ள ஓர் அச்சுக்கடையில் எனக்கு வடிவமைப்பு வேலை. கோயில் திருவிழா, சாமத்தியவீடு, கண்ணீர் அஞ்சலி என்று எங்கள் தமிழ்ச் சனத்தின் அறிவித்தல்களே அதிகம். போன வருஷம் ஒரு பிரெஞ்சுக்காரர் வந்தார். ப்ளூஸ் இசையின் ஆரம்பகாலக் கலைஞர் ஒருவருக்கு நினைவு நிகழ்ச்சி நடத்துவதாகவும், அதற்குச் சுவரொட்டி வேண்டும் என்றும் சொன்னார்.

அவர் தந்த பழைய படத்தில் இரண்டு பேர். கறுப்பின மனிதர் ஒருவர் கதிரையில் இருந்தார். பக்கத்தில் ஒரு பெண், அவரைவிட நிமிர்ந்து. இருவர் மடியிலும் கிட்டார்.

"இந்தப் பெண்ணை எடுத்துவிடுங்கள்," என்றார்.

யார் இவர் என்று கேட்டேன். ஆர்வமாகவே சொன்னார். அந்த மனிதரின் மனைவி. பருத்திக் காட்டில் வேலை செய்தவர், பிறகு ஊரார் துணி துவைத்தவர். கல்யாணத்துக்கு முன்பே மேடையில் வாசித்தவர். கணவருக்கு கிட்டார் பழக்கியதே அவர்தான். இசைத்தட்டுகளில் இருவரும் சேர்ந்துதான் வாசித்தார்கள். பாதிப் பாட்டுகள் அவர் கட்டியவை. தட்டில் மட்டும் கணவர் பெயர். கணவர் இறந்தபின் மறுபடி சலவைக்கே போனார். அந்தப் பெண்ணைப் புதைத்த இடத்தில் ஒரு கல்லும் இல்லை.

"இவ்வளவும் தெரிந்தா எடுக்கச் சொல்கிறீர்கள்?"

"சனம் கணவருக்காகத்தான் வரும், மதாம். இடமும் போதாது."

இடம் இருந்தது. அளந்து காட்டினேன். அவர் என்னை விட்டுவிட்டு எங்கள் முதலாளியைப் பார்த்தார்.

"தங்கச்சி, அவர் கேட்டபடி செய்து குடும்," என்றார் முதலாளி.

"நான் செய்யமாட்டன் அண்ணை."

அண்ணையே என் கதிரையில் இருந்து செய்தார். அந்தப் பெண்ணின் கிட்டார் நுனி கணவரின் முழங்காலை மறைத்திருந்தது. அதையும் அழித்து, காற்சட்டைத் துணியை அந்த இடத்தில் நிரப்பினார். ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை.

ஞாயிறு பின்னேரம் நிகழ்ச்சிக்குப் போனேன். அந்தப் பிரெஞ்சுக்காரர் நீண்ட நேரம் பேசிவிட்டு ஓர் இசைத்தட்டைப் போட்டார். எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் இரண்டு கிட்டார் கேட்டது. கேள்வி நேரத்தில் கையை உயர்த்தினேன்.

"இரண்டாவது கிட்டார் யார் வாசிப்பது?"

"உறுதியாகச் சொல்ல முடியாது, மதாம். ஆவணம் இல்லை."

"அவருடைய மனைவி என்று எங்கள் கடையில் சொன்னீர்களே."

அவர் சிரித்தபடி சபையைப் பார்த்தார். "மதாம் சுவரொட்டி அச்சடிக்கும் கடையில் வேலை செய்கிறார்."

சிலர் சிரித்தார்கள். என் முகம் கொதித்தது. முன்வரிசையில் இருந்த வயதான பெண் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. "அவர் சொல்வது உண்மையா இல்லையா?" என்று கேட்டார். பிரெஞ்சுக்காரருக்கு வேறு வழியில்லை. ஆம் என்றார், அந்த மனைவியின் பெயரையும் சொன்னார். சபையில் அது ஒரே ஒருமுறை ஒலித்தது.

அடுத்தநாள் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கடைக்கு முறைப்பாடு வந்தது.

"உம்மை ஆர் அங்கை போகச் சொன்னது?" என்றார் அண்ணை.

"நாளைக்கு அண்ணியின்ரை படத்தை இப்பிடி வெட்டச் சொன்னா வெட்டுவியளோ?"

லா சப்பல் மெட்ரோப் பாலத்தின் கீழே அந்தச் சுவரொட்டி கனநாள் இருந்தது. தினமும் அதைக் கடந்துதான் வேலைக்குப் போனேன். ஒருநாள் கூட என் கோபம் ஆறவில்லை. ஆறவேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை.