ரப்பர் முகமும் எவர்சில்வர் டம்ளரும்

வெளிநாட்டில் இருக்கும் கணவன் "வரும்போது என்ன வாங்கிட்டு வரட்டும்?" என்று கேட்டால், எங்கள் பெருங்களத்தூர் அடுக்ககத்தில் எல்லோருக்கும் பதில் தயாராக இருக்கும். சாக்லேட், சென்ட், கைப்பை. கொஞ்சம் துணிச்சல் இருந்தால் கேமரா. நான் கேட்டது தலை முழுவதையும் மூடுகிற கறுப்பு லேடக்ஸ் முகமூடி. கண்ணுக்கு இரண்டு ஓட்டை, மூக்குக்கு இரண்டு சின்ன ஓட்டை, பின்னால் ஒரு ஜிப். வாய்க்கு ஓட்டை கிடையாது. அதுவேதான் வேண்டும் என்று தெளிவாகக் கேட்டேன்.

கேட்டது கம்ப்யூட்டர் சாட்டில். நேரில் என்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். அவர் கம்பெனி வேலையாக ஜெர்மனியில் இருந்தார். நான் படத்தின் இணைப்பை அனுப்பிவிட்டு எழுந்து ஓடிப்போய், சிங்க்கில் கழுவி வைத்திருந்த பாத்திரங்களையே மறுபடியும் தேய்த்தேன். கல்யாணமாகி இரண்டு வருடம்கூட முடியவில்லை. இந்த மனுஷன் என்ன நினைப்பார்? எங்கள் அம்மாவுக்குப் போன் போட்டுவிடுவாரோ? ஈரக்கையோடு திரும்பி வந்து பார்த்தால் திரையில் ஒரே வரி இருந்தது: "என்ன சைஸ்?"

எனக்குக் குதிக்கத் தோன்றியது. குதித்தேன். பிறகு தையல் டேப்பை எடுத்து என் தலையைச் சுற்றி, தாடையைச் சுற்றி, கழுத்தைச் சுற்றி அளந்தேன்.

ஏன் இப்படி ஒரு ஆசை என்று கேட்டால் நான் என் வேலையிலிருந்துதான் தொடங்க வேண்டும். சிறுசேரியில் ஒரு மென்பொருள் கம்பெனியின் வரவேற்பறை எனக்கு. காலை முதல் மாலை வரை முகம்தான் என் வேலை. வருகிறவர்களுக்குச் சிரிக்க வேண்டும், திட்டுகிறவர்களுக்கு அதைவிட அதிகமாகச் சிரிக்க வேண்டும். கொஞ்சம் சிரிப்பு இறங்கினால் போதும், "என்ன மேடம், டல்லா இருக்கீங்க?" என்று நாலு பேர் கேட்டுவிடுவார்கள். வீட்டுக்கு வந்தால் போனில் அம்மா கேட்பார், குரல் ஏன் ஒருமாதிரி இருக்கிறது என்று. பெண்ணாகப் பிறந்தவளின் முகத்தை ஊரே மேற்பார்வை பார்க்கிறது. எனக்குக் கோபம் கோபமாக வரும். அந்தக் கோபத்தையும் முகத்தில் காட்ட முடியாது.

ஒரே விடுதலை ஸ்கூட்டியில்தான் கிடைத்தது. வண்டலூர் கேளம்பாக்கம் ரோட்டில் தூசுக்காகத் துப்பட்டாவை முகம் முழுக்கச் சுற்றி, கண்ணை மட்டும் விட்டுக்கொண்டு போவேன். அந்தத் துணிக்குள் நான் நாக்கை நீட்டிக்கொண்டே போயிருக்கிறேன். லாரிக்காரர்களைப் பார்த்துப் பழிப்புக் காட்டியிருக்கிறேன். ஆபீஸ் வாசலில் துப்பட்டாவை அவிழ்க்கும்போது மறுபடி வேலைக்கான முகத்தை மாட்டிக்கொண்டது போல இருக்கும். இன்னும் இறுக்கமாக, இன்னும் முழுசாக மூடிக்கொண்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். வீட்டுக்கு பிராட்பேண்ட் வந்த முதல் வாரத்தில், இப்படி யோசிக்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள் என்று தெரிந்துபோனது. அவர்கள் ரப்பரில் போடுகிறார்கள். பார்த்ததும் என் காது சூடாகிவிட்டது. இது வெறும் ஓய்வுக்காக என்று சொன்னால் பச்சைப் பொய். உடம்புக்கும் அந்த ஆசையில் பெரிய பங்கு இருந்தது, இருக்கிறது.

விமான நிலையத்தில் கஸ்டம்ஸ்காரர் அவர் பெட்டியைத் திறந்து அதைத் தூக்கிப் பிடித்தாராம்.

"இன்னா சார் இது, மூஞ்சி மாரி கீது?"

"ஒய்ஃபுக்கு சார். ஸ்கின் ட்ரீட்மென்ட்."

"அப்டியா? எங்க வூட்லயும் கேட்டுகினே கீறாங்க சார். நல்லா வேலை செய்யுதா?"

"இனிமேதான் சார் தெரியும்" என்று சொல்லிவிட்டு வந்தவர், வீட்டுக்குள் நுழைந்து பெட்டியைக் கீழே வைக்கும் முன்பே நிபந்தனை போட்டார். "உனக்குப் பிடிச்சிருக்கு, சரி. எனக்கும் பாக்கணும்னு இருக்கு, அதுவும் சரி. ஆனா ஒரு ஈ காக்காவுக்குக்கூட தெரியக் கூடாது. தெரிஞ்சுதுன்னா நான் இந்த வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிடுவேன்."

அவர் பயம் அப்படி. திரைச்சீலையைத் துணி கிளிப் போட்டு இறுக்குவார். டிவி சத்தத்தை ஏற்றுவார். ஒருமுறை கழுவிய முகமூடியைப் பால்கனிக் கொடியில் புடவைக்குப் பின்னால் காயப் போட்டேன். "கொடியில ஒரு தலை தொங்குதுடி!" என்று அலறிக்கொண்டே எடுத்து வந்து குளியலறைக் கதவுக்குப் பின்னால் மாட்டினார்.

ஆனால் பத்திரம் என்று வந்தால் அவர் என்னைவிடக் கறார். முதலில் ரப்பரை என் மணிக்கட்டின் உள்பக்கம் கட்டிவைத்துத் தடிப்பு வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை. கம்மல், மூக்குத்தி, கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றியாக வேண்டும். லேசாகச் சளி பிடித்திருந்தாலும் அன்றைக்குக் கிடையாது. அவர் அறையில் இல்லாமல் போடவே கூடாது. நுனி மழுங்கிய கத்தரிக்கோல் மேஜை மேல் இருக்கும். வாயைத் திறந்து கூப்பிட முடியாது என்பதால் என் கையில் ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கொடுத்தார்.

"பிடிச்சுக்கோ. ஏதாவது ஒருமாதிரி இருந்தா கையை விட்டுடு. டம்ளர் விழுந்தா நான் என்ன ஏதுன்னு கேக்க மாட்டேன், உடனே கழட்டிடுவேன்."

மயக்கமே வந்தாலும் கை தானாக விட்டுவிடும் பாருங்கள், அதுதான் அதில் இருக்கிற புத்தி. நாங்கள் காபி குடிக்கிற டம்ளர் அது. எனக்கு அதைக் கையில் வாங்கியதும் அவர் மேல் ஒரு தனிப் பிரியம் பொங்கியது.

முதல் தடவையை எப்படிச் சொல்ல! பவுடர் தூவி, காது மடங்கி, முடி இழுபட்டு, இருவரும் சிரித்துச் சிரித்து ஒருவழியாக உள்ளே போனேன். ஜிப் ஏறியதும் சிரிப்பு அடங்கியது. தலை முழுவதையும் யாரோ இறுக அணைத்துக்கொண்டது போல இருந்தது. மழைக்கால ரெயின்கோட் வாசனை. ஃபேன் சத்தம் தூரத்தில் போய், என் மூச்சு மட்டும் பக்கத்தில் கேட்டது. கண்ணாடியில் பார்த்தேன். பளபளவென்று ஒரு கறுப்புத் தலை, உள்ளே என் கண்கள். அதற்குச் சிரிக்கத் தெரியாது. அதனிடம் யாரும் "ஏன் டல்லா இருக்கே?" என்று கேட்க முடியாது. உள்ளே நான் உதட்டைச் சுழித்தேன், பல்லைக் கடித்தேன், அழுதேன்கூட. வெளியே ஒன்றும் தெரியவில்லை. அவர் விரல் அந்த ரப்பர் மேல் நகர்ந்தபோது நெற்றியிலிருந்து கழுத்து வரை ஒவ்வோர் இடமும் விழித்துக்கொண்டது. இவ்வளவு காலம் இந்த முகத்தை நான் ஊருக்காக மட்டுமே வைத்திருந்திருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. கழற்றிய பிறகு வேர்வையில் நனைந்த கோழிக்குஞ்சு போல உட்கார்ந்துகொண்டு, "மறுபடியும் எப்போ?" என்று கேட்டேன்.

அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் நான் ஒரு காரியம் செய்தேன். பவுடர் போட்டும் காதருகில் இழுக்கிறதே என்று, நெற்றியிலும் கன்னத்திலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டேன். தலையில் எப்போதும் இருப்பதுதானே. நம் வீடுகளில் தேங்காய் எண்ணெய் எதற்குத்தான் ஆகாது? சூடு பட்டால் அது, குதிகால் வெடித்தால் அது, கதவு கிறீச்சிட்டால் கீலுக்கும் அதுதான். வழுக்கிக்கொண்டு உள்ளே போனேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். பெட்டிக்குள் இருந்த குறிப்புத்தாள் ஜெர்மன் மொழியில் இருந்ததால் அதை நாங்கள் இருவரும் மடித்து அலமாரியில் போட்டிருந்தோம்.

எண்ணெய் பட்ட ரப்பர் மெல்ல மெல்லத் தளரும் என்பது எங்களுக்குத் தெரியாது. முகமூடி கொஞ்சம் பெரிதானது போல இருந்தபோதும், என் முகத்துக்குப் பழகிவிட்டது என்றுதான் சந்தோஷப்பட்டேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் முகமூடியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், கையில் டம்ளர். காலிங் பெல் விடாமல் அடித்தது. மாடி வீட்டு அக்காவின் குரல். பொழிச்சலூரிலிருந்து குடிவந்தவர், பேச ஆரம்பித்தால் தெரு முனை வரை கேட்கும்.

"தம்பி! மோட்டார ஆஃப் பண்ணலியா? தொட்டி ரொம்பி வயிஞ்சினு கீது!"

மோட்டார் சுவிட்ச் எங்கள் வீட்டில்தான் இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் கட்டை விரலை உயர்த்தினேன். அறைக் கதவை ஒருக்களித்துவிட்டுப் போனார். மோட்டார் நின்றது. ஆனால் அக்கா நகரவில்லை. போன வாரம் நான் கொடுத்தனுப்பிய பாத்திரத்தைத் திருப்ப வந்திருக்கிறார். வெறும் பாத்திரமாகத் தரக்கூடாது என்று நிறைய மசால் வடை.

"தங்கச்சி எங்க தம்பி?"

"தூங்குறாக்கா."

"இந்நேரத்துல இன்னா தூக்கம்? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் தாடை அசைந்தது. தளர்ந்த ரப்பர் எண்ணெயில் வழுக்கி ஒருபக்கமாக நகர்ந்தது. மூக்கு ஓட்டை இரண்டும் கன்னத்துக்குப் போய்விட்டன. மூச்சை இழுத்தேன். காற்றுக்குப் பதில் ரப்பர் வந்து மூக்கில் அப்பிக்கொண்டது. கையால் திருப்பப் பார்த்தேன், விரல் வழுக்கியது. பின்னால் ஜிப்பைத் தேடினேன், முடி சிக்கி நகர மறுத்தது.

டம்ளரைப் போட்டேன். டைல்ஸ் தரையில் டணாரென்று விழுந்து உருண்டது.

வெளியே பேச்சு நின்றது. "இன்னா தம்பி சத்தம்?" என்றார் அக்கா. அந்த இடைவெளியில் எனக்கு வந்த பயம் மூச்சைப் பற்றி மட்டும் இல்லை. அவர் வாசலில் நிற்கிறார். எதிரே அக்கா. ஒரு ஈ காக்காவுக்குத் தெரியக்கூடாது என்றவர். பூனை தட்டிவிட்டது என்று சொல்லி, நிதானமாக அக்காவை அனுப்பிவிட்டு, கதவைத் தாழ் போட்டுவிட்டுத்தான் வருவாரா? அதுவரை நான் இருப்பேனா?

ஓடி வந்தார். வாசல் கதவை அப்படியே விட்டுவிட்டு, கையில் வடைப் பாத்திரத்தோடு ஓடி வந்தார். பாத்திரம் ஒரு பக்கம் போனது, வடை நாலா பக்கமும் போனது. கத்தரிக்கோல் என் மூக்கோரத்தில் குளிர்ச்சியாகப் பட்டது. ஒரே வெட்டு. காற்று வந்தது. ஐயோ, என்ன காற்று அது! மசால் வடை வாசனையோடு வந்த அந்தக் காற்றைப் போல ஒன்றை நான் வாழ்க்கையில் சுவைத்ததில்லை.

அறை வாசலில் அக்கா நின்றிருந்தார். பாதி கிழிந்த கறுப்புத் தலையையும், உள்ளேயிருந்து எண்ணெய் வழிய வெளிவந்த என் முகத்தையும் பார்த்தார். போய்த் தண்ணீர் கொண்டுவந்து குடிக்கவைத்து, முதுகைத் தடவினார். பிறகுதான் கேட்டார்.

"இது இன்னாம்மா?"

என் கணவர் என்னைப் பார்த்தார். பொய் எதுவும் எங்கள் இருவரிடமும் மிச்சம் இல்லை.

"எனக்குப் பிடிக்கும்கா. முகத்தை மூடிக்கிட்டு இருக்கிறது" என்றேன்.

அக்கா அந்த ரப்பரைக் காலால் லேசாகத் தள்ளிப் பார்த்தார். "மூடிக்கயேன், யாரு வோணான்னது? மூக்க உட்டுட்டு மூடு" என்றார். கீழே கிடந்த வடைகளைப் பொறுக்கிப் பாத்திரத்தில் போட்டு எடுத்துக்கொண்டு, "வேற போட்டுக் குடுத்தனுப்புறேன்" என்று மாடிக்குப் போய்விட்டார். யாரிடமும் சொன்னாரா தெரியாது. படியில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "மூக்கு பத்திரம்" என்பார், அவ்வளவுதான்.

என் கணவர் வீட்டைக் காலி செய்யவில்லை. அலமாரியிலிருந்து குறிப்புத்தாளை எடுத்து, கம்ப்யூட்டரில் வார்த்தை வார்த்தையாகத் தட்டி அர்த்தம் பார்த்தார். எண்ணெய் படக்கூடாது என்று முதல் வரியிலேயே இருந்தது. வெட்டின முகமூடியை மடியில் வைத்துக்கொண்டு நான் அழுதேன். உயிர் பிழைத்ததற்கா, அது கிழிந்ததற்கா என்று கேட்டார். இரண்டுக்கும்தான் என்றேன். அவரும் அழுதுவிட்டார்.

புதுசு அவரே வரவழைத்தார். நான் கேட்கவில்லை. இதற்கு வாய்க்கும் ஓட்டை இருந்தது. அது வந்த அன்றைக்கு மத்தியானம் குளியலறையில் ஸ்டூலில் என்னை உட்காரவைத்து, சீயக்காய் போட்டு, தலையில் ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லாதபடி அலசிவிட்டார். துவட்டினார். அறைக்குக் கூட்டிவந்து பவுடர் தூவினார். ஜிப்பை ஏற்றி, மூக்கு ஓட்டையில் விரல் வைத்து என் மூச்சு படுகிறதா என்று பார்த்தார். டம்ளரைக் கையில் கொடுத்தார். பழைய டம்ளர்தான், விழுந்த இடத்தில் சின்ன நசுங்கல்.

உள்ளே எனக்குப் பயமும் ஆசையும் ஒன்றாக. அந்த நேரம் பார்த்து காலிங் பெல் அடித்தது. நான் கட்டை விரலை உயர்த்தினேன், போய் வாருங்கள் என்று. மறுபடி அடித்தது.

அவர் எழுந்திருக்கவில்லை. நாற்காலியை இன்னும் கொஞ்சம் என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அடிக்கட்டும். நீ மூச்சு விடு" என்றார்.