படிக்குக் கீழே இருந்த வால்வு

போன கிழமை எங்கள் குசினிப் பைப் ஒழுகத் தொடங்கியது. லெ பிளாங்-மெனிலில், என் பெயரிலேயே இருக்கும் வீடு. ஆளைக் கூப்பிடச் சொல்லி மகள் பிரெஞ்சில் முணுமுணுத்தாள். நான் கேட்காமல் தேய்ந்த வாசரைக் கழற்றி மூக்கருகே கொண்டுபோனேன். ஊறிப்போன இறப்பர் மணம். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நான் இருந்த லா ஷப்பல் அறையின் மணம்.

அந்த மூன்றாம் மாடி அறையில் நாங்கள் ஒன்பது பேர். வாடகைப் பத்திரத்தில் இருந்தது ஒரேயொரு பெயர்; அந்தப் பெயருக்குரியவரோ வேறு ஊரில், செவ்ரானில் இருந்தார். பாதிப்பேருக்கு விசா இல்லை. ஆகவே பைப் ஒழுகினாலும் வீட்டுக்காரனிடம் சொல்ல முடியாது. திருத்த வருகிறவன் பைப்பையா பார்ப்பான், சுவரோரம் அடுக்கியிருக்கும் மெத்தைகளை எண்ணுவான்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் ஒழுக்கு எல்லை மீறியது. அறையில் மூத்தவர் மன்னார் அந்தோனி அண்ணை.

"தம்பி, படிக்குக் கீழை ஒரு வால்வு கிடக்கு. பூட்டிப்போட்டு வா."

கிணற்றடியில் குளித்து வளர்ந்த எனக்கு வால்வைப் பற்றி என்ன தெரியும்? ஆனாலும் பெரிய எஞ்சினியர் மாதிரிக் குறட்டோடு இறங்கினேன். அத்தனை மாடிக்கும் அங்கே ஒரே வால்வுதான் இருந்தது. அதைப் பூட்டினால் யார் யாருக்குத் தண்ணீர் நிற்கும் என்று யோசிக்கும் மூளை அன்று இல்லை. முக்கிமுக்கிப் பூட்டினேன். ஒழுக்கு நின்றது. வாளிகளை முதலே நிரப்பி வைத்திருந்தோம்; புது வாசர் வாங்க இரும்புக்கடை திங்கட்கிழமைதான் திறக்கும். ஞாயிறு முழுக்க நான் உணவகத்தில், கொட்டுகிற தண்ணீரில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன்.

திங்கள் காலை வாசரோடு திரும்பியபோது, முதலாம் மாடியில் இருந்த ஒரு தங்கச்சி படியேறிக்கொண்டிருந்தாள். வன்னியிலிருந்து புதிதாக வந்தவள். இடுப்பில் கைக்குழந்தை, மறுகையில் தண்ணீர்ப் போத்தல் கட்டு. போத்தல்களை வாங்கித் தூக்கிக்கொண்டு, எதற்கு இவ்வளவு என்று கேட்டேன்.

"சனிக்கிழமையிலயிருந்து பைப்பில தண்ணி வரேல்லை அண்ணை. பிள்ளைக்குப் பால் கரைக்கவும் இதுதான்."

நான் பூட்டிய வால்வு நினைவுக்கு வந்தது. எங்களைக் கடந்து ஓர் ஆபிரிக்கர் இரண்டு பிளாஸ்டிக் கான் நிறையத் தண்ணீரோடு, யார் முகத்தையும் பார்க்காமல் மேலே போனார். ஐந்து மாடியும் காய்ந்து கிடந்திருக்கிறது. ஒருவர்கூட ஒருவர் கதவைத் தட்டவில்லை.

"ஏன் பிள்ளை ஒருத்தரிட்டையும் கேக்கேல்லை?"

"கேட்டா வீட்டுக்காரனுக்குப் போகும். ஆக்கள் வருவினம். உள்ளுக்கு எத்தினை பேர் எண்டு பாப்பினம்."

குழந்தையின் உதடு காய்ந்திருந்ததா, எனக்குத்தான் அப்படித் தெரிந்ததா, தெரியாது. நான்தான் பூட்டினேன் என்று சொல்ல வாய் வரவில்லை. போத்தல் கட்டை அவள் வாசலில் வைத்துவிட்டு ஓடிப்போய் வால்வைத் திறந்தேன்.

எல்லா மாடியிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் கொட்டியது. வரும் வரும் என்று எல்லோரும் பைப்பைத் திறந்தபடியே விட்டிருந்திருக்கிறார்கள். ஒரு குரல் கேட்கவில்லை. பிறகு ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டார்கள். வாசர் இன்னும் என் கைக்குள்தான் இருந்தது. எங்கள் அறை மறுபடி ஒழுகத் தொடங்கியிருக்கும் என்பதுகூட நினைவில் இல்லை. அப்படியொரு பயத்தோடு ஒரு கட்டடமே வாய்மூடி இருந்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

நேற்று லா ஷப்பலில் அந்தத் தெருவால் போனேன். கட்டடத்துக்குப் புதுப் பூச்சு. அழைப்புமணிகளுக்குப் பக்கத்தில் பெயர்கள். தெரிந்த பெயர் ஒன்றும் இல்லை. அந்தத் தங்கச்சி எங்கே போனாளோ, அவள் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை. கதவில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தது: செவ்வாய் காலை ஒரு மணிநேரம் தண்ணீர் நிற்கும், மன்னிக்கவும்.