நாற்பது ராத்தலும் பதினெட்டுக் கிலோவும்

பாக்கியநாதன் மாஸ்டரின் மகள் போனில், "மாமா, அப்பா போயிட்டாங்க" என்றதும் ஐந்து நிமிடம் நான் வாய் திறக்கவில்லை. என்னை அறிந்தவர்களுக்கு இது எப்பேர்ப்பட்ட செய்தி என்று தெரியும். தூக்கத்தில்கூட நான் அவ்வளவு நேரம் சும்மா இருந்ததில்லை.

தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஒரே லயத்து வீட்டு வரிசையில், ஒரே வருடம் பிறந்தவர்கள் நாங்கள். ஐந்தாம் வகுப்பில் நான் மூன்றாண்டு அரசாண்டு முடிதுறந்தேன். அவரோ ஓ.எல். பரீட்சையே பாஸ் பண்ணினார். எங்கள் தோட்டத்தில் அதுவரை யாரும் செய்யாத காரியம். சர்டிபிகேட்டைப் பார்க்க பூண்டுலோயாவிலிருந்து பத்தாயிரம் பேர் வந்தார்கள். சரி, இரண்டு பேர்.

பிறகு? வேலை கேட்டதற்குத் தோட்டத்துத் துரை "பார்க்கலாம்" என்றார். மூன்று வருடம் என் பக்கத்திலேயே இரும்பு முள்ளுகொண்டு மண் குத்திக் கிளறினார். சம்பளமும் எனக்குள்ளதுதான்.

"ஏன்டா, ஒன் இங்கிலீசுக்கு மண்ணு கொஞ்சம் எளகுதா?" என்பேன்.

"படிப்பு நானுஓயா ரயிலுடா. நேரத்துக்கு வராது, வராமலும் இருக்காது" என்பார்.

எழுபதுகளின் நடுவில் ஒரு சின்னக் கணக்கப்பிள்ளை வேலை காலியானது. திங்கட்கிழமை வரச்சொல்லி ஆபீசிலிருந்து அவருக்கு ஆள் வந்தது. அதற்கு முந்திய சனிக்கிழமைதான், அதுவரை ராத்தலில் நிறுத்த தோட்டத்துக்குக் கிலோத் தராசு வந்து சேர்ந்தது.

"நேத்து நாப்பது ராத்தல்! இன்னிக்கு அதே கூடைக்குப் பதினெட்டாம்!" என்று என் மனைவி காளியம்மா அலறினாள். கொழுந்து நிறுக்கும் மடுவத்திலேயே பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். நான் கல்மேல் ஏறி, கிலோ என்பது கொழுந்து தின்னும் பூச்சி என்று முழங்கினேன். கைதட்டல் நுவரெலியாவுக்கே கேட்டிருக்கும்.

பாக்கியநாதன் பழைய தராசைத் தூக்கிவந்து, ஒரே சாக்கை இரண்டிலும் தொங்கவிட்டார். "அக்கா, நாப்பதும் பதினெட்டும் ஒரே கொழுந்துதான். மொதல்ல இந்தப் பேச்சாளர எறக்குங்க."

எல்லாரும் சிரித்தார்கள். பெரிய கணக்கப்பிள்ளையும் சிரித்தார். அப்போதுதான் பாக்கியநாதனின் கண் மடுவத்துச் சுவரிலிருந்த பலகையில் விழுந்தது. ஒரு நாள் பேர், அதாவது முழுச் சம்பளம், விழ முப்பது ராத்தல் என்றிருந்த இடத்தில் பதினைந்து கிலோ என்று எழுதியிருந்தது. குறைந்தால் பாதிச் சம்பளம்.

"ஐயா, முப்பது ராத்தல்னா பதிமூணரைக்குச் சொட்டு மேல. பதினஞ்சு கூடுதலுங்க."

"தம்பி, திங்கக்கெழம ஒனக்கு இன்டர்வியூ. ஞாபகம் இருக்கா?"

"இருக்குங்க. பதினஞ்சு கூடுதல்தாங்க."

பலகை திருத்தப்பட்டது. வேலை வேறொருவருக்குப் போனது. செவ்வாய்க்கிழமை, வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் அவர் முள்ளோடு என் பக்கத்தில் வந்து நின்றார். எனக்குச் சுட்ட ரொட்டியைக் காளியம்மா அவர் கையில் கொடுத்தாள்.

எண்பதுகளில் எங்கள் தோட்டப் பிள்ளைகளையே ஆசிரியர்களாக எடுத்தபோது, அதே சர்டிபிகேட் அவரைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் உட்காரவைத்தது. அதன்பின் மழை பெய்தால் எனக்குப் பேர் இல்லை. அவருக்கு மழையிலும் மாதச் சம்பளம், ஒழுகாத வீடு. நானும் பொறாமைப்பட முயன்று பார்த்தேன். அதிலும் பெயில்.

அவரிடம் படித்து, இன்று இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்திருக்கும் நீங்கள் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொண்டது அந்த "கூடுதலுங்க" என்ற ஒரு சொல்லை. நேற்று அஞ்சலி நோட்டீசில் வயது எழுபத்திரண்டு என்று அச்சடித்திருந்தார்கள். "ஐயா, மூணு கூடுதலுங்க" என்றேன். அச்சகக்காரர் முறைத்தார். நான் விடவில்லையே! அவருக்கு மூன்று வயது கூடினால் எனக்கும் அல்லவா கூடும்?