பூரணம் மறித்த தண்ணீர்

பூரணம் அக்காவைக் கோபக்காரி என்று ஊரில் சொல்வார்கள். அது பொய்யில்லை. அவரோடு அலுவல் உள்ளவர்கள் படலைக்கு வெளியில் நின்றே கதைத்துவிட்டுப் போவார்கள். ஆனால் அவர் எதற்காகக் கோபப்பட்டார் என்று எவரும் சொல்வதில்லை. எண்பத்தாறாம் ஆண்டு நடந்ததைப் பக்கத்து வளவில் இருந்து பார்த்தவன் நான். அப்போது வாய் திறக்காத நான் இப்போது எழுதவாவது வேண்டும்.

எங்கள் இடம் தொண்டைமானாற்று நீரேரிக் கரை. கடலில் தொழில் செய்யக்கூடாது என்று யுத்தத்தில் தடை வந்த பிறகும் பூரணம் அக்காவின் புருஷன் நாகலிங்கம் இரண்டு தடவை விடியப்புறம் வள்ளம் இறக்கினார். இரண்டாம் தடவை நேவி சுட்டது. வள்ளத்தின் விலாவில் மூன்று ஓட்டை. உடுத்திருந்த சாரத்தைக் கிழித்து அடைத்து, தண்ணீரை இறைத்து இறைத்துக் கரை சேர்ந்தார்.

அன்றுதான் அக்கா நீரேரிக் கரையில் இறால் குளம் வெட்டுவதென்று முடிவெடுத்தார். “குளம் சரிவந்தால் கடலுக்குப் போகமாட்டியளோ?” என்று கேட்டார். “சரிவந்தால் போகமாட்டன்” என்றார் நாகலிங்கம். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அக்கா அவ்வளவு மண்ணும் சுமந்தார்.

அந்தக் கரையில் முதலில் இறால் குளம் வெட்டியவர் சண்முகநாதன். அக்காவின் பெரியப்பா மகன். ஊருக்குச் சண்முகத்தார். அவருடைய முதல் விளைச்சல் நீரேரிக் கரை முழுவதும் பேசப்பட்டது. அதிலிருந்து ஒரு வழக்கம் பிறந்தது. யார் புதிதாகக் குளத்தில் குஞ்சு விட்டாலும் நல்ல நாள் பார்த்துச் சண்முகத்தார் வருவார். தன் குளத்துத் தண்ணீர் ஒரு குடம், அதற்குள் உயிரோடு நாலைந்து இறால். கற்பூரம் காட்டி, கிழக்கே பார்த்து ஊற்றுவார். பாலுக்கு உறைமோர் விடுவது போல. அவர் கை நல்ல கை என்றார்கள்.

அக்காவின் முதல் குளத்துக்கும் அந்தக் குடம் வந்தது. இரண்டாம் மாதம் இறால் செத்து மிதந்தது. கண்ணூறு, நாவூறு என்றார்கள் எல்லோரும். அக்கா ஒருவர்தான் செத்ததைக் கையில் எடுத்துப் பார்த்தார். வால் சிவந்திருந்தது. செவுள் கறுத்திருந்தது. ஓடு ஊறிய அப்பளம் போல நெகிழ்ந்தது. நல்ல இறாலை வெயிலுக்கு நேரே பிடித்தால் முதுகில் குடல் கறுப்பு நூலாகத் தெரியும். இதில் நூலே இல்லை. தின்னாமல் கிடந்து செத்திருக்கிறது.

பிறகு ஒரு மத்தியானம் சண்முகத்தாரின் குளத்து வரம்பில் போய் நின்றார். அங்கேயும் சில இறால்கள் கரையோரம் தலை தூக்கி மயங்கி நின்றன. அதே சிவப்பு வால். பெரிய குளம், தண்ணீர் அதிகம், ஆகவே சாவு கொஞ்சம். அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டாம் தடவை குளத்தை நிலம் வெடிக்கும்வரை காயவிட்டார். அடியில் கிடந்த கறுத்த சேற்றை வழித்துத் தூர எறிந்தார். சுண்ணாம்பு தூவினார். தண்ணீரைத் தன்னுடைய பழைய நூல் சேலையை நாலாக மடித்து மதகில் கட்டி வடித்து விட்டார். தீனித் தட்டு, வலை, கடகம் எதையும் இரவல் கொடுக்கவுமில்லை, வாங்கவுமில்லை. “இறாலுக்குத் தீட்டுக் காக்கிறாள்” என்று சிரித்தார்கள்.

குஞ்சு விட்ட அன்று சண்முகத்தார் வந்தார்.

“பிள்ளை, நாளைக்கு நல்ல நாள். குடம் கொண்டு வாறன்.”

“வேண்டாம் அண்ணை.”

“என்ன வேண்டாம்?”

“குடம். உங்கடை குளத்திலை நோய் வருத்தம் கிடக்கு. வால் சிவந்து நிக்கிறதைக் கண்டனீங்களோ?”

“உது வெக்கை. இந்த வெக்கைக்கு மனிசனே சிவக்கிறான்.”

“மனிசன் சிவந்தாலும் சோறு தின்னுவான். உங்கடை இறால் தின்னுதோ? தீனிக்குப் போட்ட மட்டி அப்பிடியே கிடக்கு.”

“அப்ப என்ரை கை வருத்தக் கையோ?”

“கை இல்லை அண்ணை, தண்ணி. அம்மாள் கொப்பளம் போட்ட வீட்டுச் செம்பிலை உங்கடை பிள்ளையளுக்குத் தண்ணி குடுப்பியளோ?”

வரம்பில் நின்ற நாலு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சண்முகத்தார் அக்காவைப் பார்க்கவில்லை. நாகலிங்கத்தைப் பார்த்தார்.

“நாகலிங்கம், உன்ரை வீட்டிலை ஆர் வேட்டி கட்டுறது?”

அந்தக் கேள்வி குளத்துக்குள் விழவில்லை; நாகலிங்கத்துக்குள் விழுந்தது. கள்ளுக் கொட்டிலில் சிரித்துக் கேட்டார்கள், கோயில் வீதியில் கேட்டார்கள். நேவியின் துவக்குக்குப் பயப்படாத மனிதர், அந்தச் சிரிப்புக்குப் பயந்தார்.

குஞ்சு விட்டு எழுபதாம் நாள் அக்கா மட்டி வாங்கப் பருத்தித்துறைச் சந்தைக்குப் போனார். பஸ் போன கையோடு சண்முகத்தார் குடத்தோடு வந்தார். நாகலிங்கம் மதகடியில் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். நான் எதிர் வரம்பில் நின்றேன். தண்ணீர் விழுகிற சத்தமும் கேட்டது. “ஊத்தாதேங்கோ” என்று ஒரு சொல் நான் சொல்லவில்லை. அக்கா மட்டி நிறைந்த உமலோடு வந்து இறங்கியபோதும் சொல்லவில்லை. அன்றே சொல்லியிருந்தாலும் ஊற்றியதை அள்ளமுடியாதுதான். ஆனால் அந்தச் சமாதானம் என் வெட்கத்துக்கு நான் போட்டுக்கொள்ளும் சட்டை.

குடம் ஊற்றிய ஒன்பதாம் நாள் காலை தீனித் தட்டைத் தூக்கிய அக்கா அப்படியே நின்றார். ஒரு மணித்தியாலத்தில் வெறுமையாகிற தட்டில் மட்டி முழுதாகக் கிடந்தது. இறங்கி ஒரு இறாலைப் பிடித்து வெயிலுக்கு நேரே பார்த்தார். நூல் இல்லை.

“இஞ்சருங்கோ, ஆர் வந்தது?”

நாகலிங்கம் வலையை உதறி மடிக்கத் தொடங்கினார்.

“உங்களைத்தான். நான் இல்லாத நேரம் ஆர் வந்தது?”

“மச்சான்தான்... ஒரு குடம்தானே பூரணம். ஊர் வாயை மூடத்தான்...”

“ஊர் வாயை மூடிப்போட்டியள். இனி இறாலின்ரை வாயைத் திறவுங்கோ பாப்பம்.”

பிறகு என் பக்கம் திரும்பினார். “தம்பி, நீ கண்டனியோ?”

“ஓம்.”

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

மத்தியானத்துக்குள் சண்முகத்தாரே வந்துவிட்டார், ஆலோசனையோடு. “மதகைத் திறந்து விடு பிள்ளை. பழந்தண்ணி போய்ப் புதுத்தண்ணி வந்தால் பாதியாவது தப்பும்.”

“பழந்தண்ணி எங்கை போகும்?”

“வாய்க்காலுக்கு.”

“வாய்க்காலுக்குப் பிறகு?”

வாய்க்காலுக்குப் பிறகு ஸ்ரெல்லாவின் குளம், அதற்கு அப்பால் இன்னும் இரண்டு. அந்த மூன்றும் அதே வாய்க்காலில்தான் தண்ணீர் எடுத்தன. ஸ்ரெல்லா தன் வரம்பில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அவள் குஞ்சு விட்டுப் பதினேழு நாள். அக்காவைப் பார்த்து, அவளும் மற்ற இருவரும் அம்முறை குடம் வாங்கவில்லை.

நாகலிங்கம் கிட்ட வந்து தணிந்த குரலில் சொன்னார். “திறப்பம் பூரணம். பாதி மிஞ்சினாலும் போதும். இல்லாட்டி நான் கடலுக்குத்தான் போகவேணும். தெரியுந்தானே?”

“தெரியும்” என்றார் அக்கா. “தெரிஞ்சுதான் மூடுறன்.”

மதகுப் பலகைக்கு மேல் களிமண்ணைக் குழைத்து அறைந்தார். ஒவ்வொரு பிடியையும் ஆரோ ஒருவரின் முகத்தில் அறைவது போல அறைந்தார். பிறகு மண்வெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மதகின் மேலேயே இருந்தார். மூன்று நாள். சாப்பாட்டை ஸ்ரெல்லா கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். தீனி தின்னுகிற இறாலைத் தன் வலையாலேயே பிடித்து அங்கேயே அவித்துக் காயவைத்தார். விரல் நீளங்கூட இல்லை. செத்ததைச் சுண்ணாம்போடு புதைத்தார். அந்தக் குளத்தில் கால் நனைத்த காகத்தைக்கூட மற்றக் குளங்களுக்குப் போகவிடாமல் கல்லெறிந்தார். விசர் பிடித்துவிட்டது என்றார்கள். மிச்சத் தண்ணீரிலும் சுண்ணாம்பைக் கரைத்து, வெயிலில் வற்ற விட்டார்.

மதகை மூடிய பதினோராம் நாள் விடிய நாகலிங்கம் வள்ளத்தை இறக்கினார். அக்கா கரைக்குப் போகவில்லை. குளத்தடிக்குப் போய் வற்றிய இடத்துக் கறுத்த சேற்றை வழித்துக்கொண்டிருந்தார். கிழக்கே வெடிச்சத்தம் கேட்டபோது நிமிர்ந்தார். பிறகு குனிந்து வழித்தார். பத்து மணிக்கு நாகலிங்கம் வந்து சேர்ந்தார். அடுத்த நாளும் போனார். அதற்கடுத்த நாளும். எப்போதும் பத்து மணிக்குள் திரும்பிவிடுவார்.

சில மாதத்தில் வாய்க்காலின் கீழ்க்குளங்கள் மூன்றும் விளைந்தன. பிடித்த அன்று ஆட்கள் மரியாதைக்கு முதல் கடகத்தைச் சண்முகத்தாரின் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். நான் கண்டேன். அவர் வாங்கினார். ஸ்ரெல்லா மட்டும் தன் கடகத்தைத் தூக்கிக்கொண்டு அக்காவின் படலையைத் திறந்து உள்ளே போனாள்.

“அக்கா, உங்களாலைதான்...”

“அதை விடு. வலையை ஆருக்கும் இரவல் குடுத்தனியோ?”

“இல்லை அக்கா.”

“குடுத்தியெண்டால் கையை முறிப்பன். போ, போய்க் குளத்தை இண்டைக்கே காயவிடு.”

ஸ்ரெல்லா கடகத்தை வைத்துவிட்டுப் போனாள். மணி பன்னிரண்டாகியிருந்தது. நாகலிங்கம் இன்னும் கடலில் இருந்தார்.