அப்பாவுக்கு என்று கேட்ட பொருள்

மலையில் பெட்டிக்கடை வைத்திருக்கிறேன். பெரியவர்களுக்கு பீடி, வெற்றிலை வாங்கப் பிள்ளைகளை அனுப்புவது இங்கே வழக்கம். பீடியை விட நினைப்பவர்கள் மெல்லும் நிகோடின் சூயிங்கமும் விற்கிறேன். ஏழாவது படிக்கும் செல்வி அதை அப்பாவுக்கென்று வாங்கிப் போவாள்.

பிள்ளைகள் கையில் அதைக் கொடுக்கக் கூடாது என்று கடைக்குச் சரக்கு போடுபவர் சொன்னதால், அடுத்த முறை அவள் வந்து கேட்டபோது இல்லை என்றேன். "அப்பா திட்டும் அத்தே" என்று கெஞ்சிவிட்டுப் போனாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்த மனுஷன் மறுபடி பீடியைப் பற்றவைத்துவிட்டால்? கடையைச் சாத்திவிட்டு, ஒரு சூயிங்கம் அட்டையோடு நானே அவர் வீட்டுக்குப் போனேன்.

அவர் வாசலில் புளி காயவைத்துக்கொண்டிருந்தார். "இன்னாக்கா, யாவாரத்த வூட்டுக்கே கொண்டாந்துட்டியா? பீடிய வுட்டு, இந்தக் கருமத்தையும் பொங்கலோட வுட்டுட்டேனே!" என்று சிரித்தார்.

அவருக்குப் பின்னால் நின்ற செல்வி, சொல்லாதே என்பதுபோல் என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். யாரிடமும் நிமிர்ந்து பேசாத நான் அவர் முகத்தைப் பார்த்தேன். "போன வாரம் வரைக்கும் உம் பொண்ணு வாங்கிச்சுப்பா. நாந்தான் குடுத்தேன்" என்றேன்.

அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

செல்வி இப்போது என் கடைப்பக்கம் வருவதில்லை. அவள் மலைக்குக் கீழே ஆலங்காயம் டவுனுக்குப் போகும் பஸ்ஸில் ஏறுவதைப் பார்த்தால் எனக்கு வேலை ஓடாது. அங்குள்ள கடைகளில் அவள் அதைக் கேட்டால், அங்கேயும் யாராவது அவளுக்கு இல்லை என்று சொல்ல வேண்டுமே.